மூன்றாவது மாடி, கிழக்கு மூலை

“செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க தம்பி. இப்பத்தான் பெருக்கினேன்,” என்றாள் கையில் துடைப்பத்தோடு நின்ற அந்தம்மா.

மேனேஜருக்குச் சிரிப்பதா, முறைப்பதா என்று தெரியவில்லை. இது என்ன கல்யாண வீடா? இடம் போதாதவர்கள் கட்டில், பீரோ, அட்டைப்பெட்டி என்று மாத வாடகைக்குப் போட்டு வைக்கும் குடோன். நாலு மாடியிலும் வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். உள்ளே இருப்பதெல்லாம் தூசி, கரப்பான்பூச்சி, அப்புறம் ஜனங்களுக்குத் தூக்கிப் போட மனசு வராத குப்பை. அதற்குள் நுழைய செருப்பைக் கழற்ற வேண்டுமாம்.

இருந்தாலும் கழற்றினார். கெட்ட செய்தி சொல்ல வந்துவிட்டு வாசலிலேயே வம்பு வளர்க்க முடியுமா?

உள்ளே அந்தம்மாவின் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடோன் ஊழியர்கள் இவர்களுக்கு வைத்திருந்த பெயர் ‘ஞாயித்துக்கிழமை ஜோடி’. ரெண்டு வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. காலையில் வருவார்கள், சாயங்காலம் போவார்கள். சாமான் எதையும் எடுத்துப் போவதுமில்லை, புதிதாகக் கொண்டுவந்து வைப்பதுமில்லை.

“உட்காருங்க சார்,” என்று கணவர் எழுந்து இடம் விட்டார்.

“இருக்கட்டும். வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். மாசக் கடைசிக்குள்ள இந்த அறையைக் காலி பண்ணணும். ஒரு மருந்து கம்பெனி இந்த மாடி முழுசையும் கேக்குது. இடைச்சுவரெல்லாம் இடிக்கப் போறோம்.”

அந்தம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“பயப்படாதீங்கம்மா. கீழ்த்தளத்துல இதைவிடப் பெரிய அறை தர்றேன். வாடகை பாதிதான். சாமானையும் நம்ம ஆளுங்களே இறக்கிக் கொடுத்துடுவாங்க. உங்களுக்கும் மூணு மாடி ஏறி முட்டி தேயற வேலை மிச்சம்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். வேறு யாராவது என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

“வேண்டாம் சார்,” என்றார் கணவர். “வேணும்னா வாடகையைக் கூட்டிக்குங்க. இந்த அறையை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க.”

மேனேஜருக்குச் சந்தேகம் தட்டியது. சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு மேசை மேல் கேஸ் அடுப்பு. பக்கத்தில் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்கள். சுவரில் வரிசையாகக் கரண்டிகள்.

“நேராவே கேக்கறேன் சார். இங்கயே தங்கி சமைச்சுச் சாப்பிடறீங்களா? அதுக்கெல்லாம் அனுமதி கிடையாது. தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?”

“சிலிண்டரே இல்லையே தம்பி,” என்றாள் அந்தம்மா. “அந்த அடுப்பை இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பத்த வச்சதில்ல.”

“தங்கறதுக்கு வாடகைக்கு ஒரு ரூம் இருக்கு சார்,” என்றார் கணவர். “நாங்க ரெண்டு பேர் படுத்தா மூணாவது ஆளுக்கு நிக்க இடமிருக்காது. ஆனா இருக்கு.”

“அந்த வாடகை, இந்த வாடகை ரெண்டையும் சேர்த்தா நல்ல வீடாவே பிடிக்கலாமே?”

“பிடிக்கலாம்.”

“அப்புறம் என்ன சார்?”

அவர் சுவரில் சாய்ந்திருந்த ஒரு கரண்டியை நேராக்கி மாட்டினார். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற அறைக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சில் சரி என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு அறையால் காரியம் கெட்டால் முதலாளி மேனேஜரையும் சேர்த்துக் காலி செய்துவிடுவார்.

“நான் வேணா உங்க முதலாளி கால்லயே வந்து விழறேன் சார்,” என்றார் கணவர்.

“விழுந்து பிரயோஜனமில்ல. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல.”

உண்மைதான். எங்கே ஒரு சொத்து அடிமாட்டு விலைக்கு வந்தாலும் முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிடும். இந்தக் கட்டடத்தையும் பேங்க் ஏலத்தில் அப்படித்தான் வளைத்துப் போட்டார். போட்டது எப்போது திரும்பும் என்பதைத் தவிர வேறு கவலை அவருக்குக் கிடையாது. அழுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குக் கொட்டாவி வரும்.

“இதையும் எடுத்துக்கிட்டா நான் எதுக்குத் தம்பி உசிரோட இருக்கணும்?”

அந்தம்மா இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஏதோ மணி கேட்பது போலக் கேட்டாள்.

“வாரம் பூரா அடுத்தவங்க வீட்டுல நின்னு சமைச்சுப் போடறேன். காலு ரெண்டும் வீங்கிப்போகுது. ஞாயித்துக்கிழமை இங்க வந்து உக்காரலாம்னுதான் ஒவ்வொரு நாளையும் தள்ளறேன். எனக்கு வேற எதுவும் மிச்சமில்ல தம்பி.”

கணவர் அவள் தோளைத் தொட்டார். “விடும்மா. அவர் என்ன பண்ணுவார், பாவம்.”

பாவம் என்று யாராவது தன்னைச் சொல்லி வெகுநாளாயிற்று மேனேஜருக்கு. கோபமெல்லாம் வடிந்துபோய், காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்குப் புரியலம்மா. எல்லா அறையும் ஒண்ணுதானே? அதே சிமெண்டுத் தரை, அதே தகர ஷட்டர். அப்படி இந்த அறையில மட்டும் என்னதான் இருக்கு?”

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்க முதலாளி ஏலத்துல எடுத்து குடோனா மாத்தறதுக்கு முன்னாடி, இது வீடு கட்டி விக்க ஆரம்பிச்ச கட்டடம் சார். என் ரிட்டயர்மெண்ட் பணம், இவ நகைநட்டு எல்லாத்தையும் கொட்டி, மூணாவது மாடியில கிழக்கு மூலை வீட்டை நாங்க வாங்கியிருந்தோம். சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே கட்டினவன் ஓடிட்டான். இந்த ஷட்டருக்குள்ள இருக்கறது எங்க சமையலறை சார்; பக்கத்து ஷட்டர்ல யாரோ பழைய டயர் அடுக்கி வச்சிருக்காங்களே, அது எங்க படுக்கையறை.”