ஃப்ரீசரில் மூன்று பிரிண்ட்

மூன்றாவது போட்டோவையும் நான்காக மடித்து, ஈரக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான் அருள்ராஜ்.

டெல்லி முனிர்காவின் போட்டோ கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றும் அவர் கையால் போட்டுக் கொடுத்தவை. ஒரே படம்தான், பிரிண்ட் போட்ட விதம்தான் வேறு வேறு. இரண்டு நாளாக அருள்ராஜின் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், ஃப்ரீசருக்குள் விறைத்துக் கிடந்துவிட்டு வந்திருந்தன.

இங்க்ஜெட் முதல் தேய்ப்பிலேயே அவுட். குழந்தையின் கன்னம் கட்டைவிரலோடு வந்துவிட்டது.

லேசர் பிரிண்ட், மடித்த இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

மூன்றாவது, பாஸ்போர்ட் போட்டோ போடும் குட்டி மெஷினில் வந்தது. சூட்டிலேயே நிறம் ஏற்றி, மேலே கண்ணுக்குத் தெரியாத பூச்சும் பூசித் தள்ளுகிற மெஷின். மடிப்பு விழுந்ததே தவிர, படம் அசைந்து கொடுக்கவில்லை.

"இதேதான் பையா! புதுசா ஒண்ணு, ஜல்தி!"

"பனியில் போஸ்டிங்கா, ஃபௌஜி சாப்?" பட்டாளத்துக்காரருக்குக் கொடுக்கும் மரியாதையோடு கடைக்காரர் இந்தியில் கேட்டார். கண் அவன் தலைமேல் இருந்தது.

மிலிட்டரி கிராப் இல்லை அது. போன மாதம் மலை மந்திர் முருகன் கோயிலில் மகள் சிந்துவுக்கு முதல் மொட்டை. வேண்டுதல்படி அப்பாவுக்கும் மொட்டை. படத்திலும் அதே கூத்துதான். சந்தனம் பூசிய பெரிய மண்டை ஒன்று, குட்டி மண்டை ஒன்று, காதுவரை சிரிப்பு.

"பனிமலை உச்சி. அங்கே போன் கிடையாது. மூணு மாசத்துக்குச் சட்டைப்பையில இந்தப் படம்தான்."

சொல்லும்போதே அவன் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

கடைக்காரர் புதுப் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழந்தை சரி, சாப். உங்க மூஞ்சியை நீங்களே பார்த்துக்கிறதுக்கா? படத்துல மேம்சாப் எங்கே?"

"வந்துட்டாங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

அருள்ராஜ் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஓரடி ஒதுங்கி வழிவிட்டான்.

பின்னால் வாசலில் பச்சை யூனிஃபார்ம். இடுப்பில் சிந்து.

குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, கேப்டன் பிரியதர்ஷினி சல்யூட்டைத் திருப்பி அடித்தாள்.