மூணு எண்ணுறதுக்குள்ள

"கத்தியைக் கீழே போடு! மூணு எண்ணுவேன். அதுக்குள்ள போடலைன்னா கதவை உடைச்சுக்கிட்டு உள்ளே வருவேன்!"

இளம் போலீஸ்காரர் போட்ட சத்தத்தில் சமையலறைக் கதவே அதிர்ந்தது. மீசை இன்னும் சரியாக அடர்த்தியாகவில்லை. அதிகாரம் முழுவதையும் தொண்டையில்தான் வைத்திருந்தார். வலது கை மட்டும் இடுப்புத் துப்பாக்கியைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு!"

"எண்ணாதீங்க தம்பி!" கூடத்து மூலையில் நின்ற அம்மா குறுக்கே ஓடி வந்தாள். "உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். சத்தம் போட்டா என் பையனுக்கு ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். மேல் வீட்டுல சுவரைத் துளைக்கிற மெஷினை ஓட விட்டாங்க. காதைப் பொத்திக்கிட்டு உள்ளே ஓடினவன், கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டான்."

"கிடைச்சது கத்தியாச்சே! நீங்க தள்ளி நில்லுங்கம்மா."

"அவனைச் சமாதானப்படுத்த ஆள் வேணும்னுதான் தம்பி போலீசுக்கு நானே போன் பண்ணினேன். என் கையாலயே பண்ணினேன்."

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "கிட்ட வராதே! குத்திடுவேன்!" என்று தடித்த குரல் ஒன்று கத்தியது.

துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்தது. போலீஸ்காரர் கதவை உதைக்கக் காலைத் தூக்கினார்.

"ரெண்டு!"

அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். இடிக்குப் பயந்த சின்னப் பெண் போல இருந்தது அவள் நின்ற நிலை. மூன்றை மட்டும் அவளால் கேட்க முடியாது.

போலீஸ்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் தோளில் தொங்கிய வாக்கி டாக்கி கரகரவென்று இரைந்தது. அதோடு சேர்ந்து உள்ளே அலறலும் ஏறியது. அவர் வாக்கி டாக்கியை அணைத்தார். அலறல் கொஞ்சம் இறங்கியது.

தூக்கிய காலை இறக்கினார். கதவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கியை உறையில் செருகிவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கட்டுமா?" என்று மூலையிலிருந்த குழாயைக் காட்டினார்.

"அதுல தண்ணி வராது தம்பி."

அவர் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "உங்க பையனுக்கு என்னம்மா பிடிக்கும்?"

அம்மா விழித்தாள். "என்ன கேட்டீங்க?"

"என்ன பிடிக்கும்னு கேட்டேன்."

ஒருவரும் கேட்காத கேள்வி அது. பதில் முட்டிக்கொண்டு வந்தது. "டார்ச் லைட்டுன்னா உசிரு. ஒண்ணை விட மாட்டான், கழட்டி மாட்டிடுவான். சட்டைக் காலரைக் கடிச்சுக்கிட்டே ரிப்பேர் பண்ணுவான். அவன் போட்ட சட்டையில காலர் நுனி காஞ்சு நான் பார்த்ததே இல்லை. 'இருட்டுன்னா பயமாடா'ன்னு கேட்டா, 'இல்லம்மா, என் டார்ச்சைப் பார்த்து இருட்டுக்குத்தான் பயம்'பான்." சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. "அந்தக் குரலைக் கேக்கணும் போல இருக்கு தம்பி."

போலீஸ்காரர் பாக்கெட்டிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்தார். பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். தவழ்ந்து போய்க் கதவின் கீழ் இடுக்கில் தள்ளிவிட்டு, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது எரிய மாட்டேங்குதுடா. எனக்கு ஒண்ணும் புரியலை. நீ பெரிய மெக்கானிக்காமே, கொஞ்சம் பாரேன். அவசரமே இல்லை. உங்க அம்மா இங்கதான் இருக்காங்க. நானும் சும்மாத்தான் உட்கார்ந்திருக்கேன்."

உள்ளே அலறல் நின்றது. அம்மா கதவிடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏதோ திருகும் ஓசை. டணக்கென்று ஒரு இரும்பு கீழே விழுந்தது. கதவிடுக்கு வழியாகக் கத்தி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, தரையோடு தரையாக, வெளிச்சம் வந்தது.

"எரியுது," என்றது உள்ளிருந்த குரல்.

"கெட்டிக்காரன்டா நீ! எடுத்துக்கிட்டு வா, பார்ப்போம்," என்றார் போலீஸ்காரர், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல்.

கதவு திறந்தது. முதலில் டார்ச் வெளிச்சம் வந்தது. பிறகு நீலச் சட்டை வந்தது. அம்மா பாய்ந்து போய் அந்தச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் தாமாகவே காலர் நுனியைத் தேடிப் போயின.

காலர் காய்ந்திருந்தது.

"முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது. இவர் பாஸாயிட்டார்," என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்த போலீஸ் பயிற்சிப் பள்ளி ஆசிரியர், தனக்குப் பிடிப்பாக இருந்த நீலச் சட்டையின் பொத்தானைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க சார்," என்று பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள் அம்மா. "அன்னைக்கு வந்தவர் மூணு வரைக்கும் எண்ணிட்டார், வெளியே பயிற்சிக்கு அடுத்தவர் காத்துக்கிட்டிருக்கார், வரச் சொல்லுங்க, என் பையன் இன்னொரு தடவை உசிரோட வெளியே வரட்டும்."