புடைத்த உறை

உறையை அவர் கண்முன்னாலேயே ஒட்டி, கையெழுத்துப் போட்டு, வாஷ்பேசின் மேல் வைத்தேன். அது லேசாகப் புடைத்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“என்ன பாப்பா, நீயா எக்ஸாமினர்? அண்ணனுக்கு ஈசியாத்தானே வெச்சிருப்ப?”

கடிகாரத்தை அழுத்தினேன். நாற்பது நிமிடம்.

பயிற்சி மையத்தின் கூடத்தில், கூரையில்லாமல் மூன்று சுவர்களோடு நிற்கும் மாதிரிக் குளியலறை அது. அதில் ஒரு பழுதை ஒளித்துவைப்போம். என்ன பழுது என்று எழுதி உறைக்குள் போடுவோம். கண்டுபிடித்தால் அவருடைய பிளம்பர் உரிமம் புதுப்பிக்கப்படும். இல்லையென்றால் மருத்துவமனையில் அவர் பார்க்கும் பராமரிப்புத் தலைமை வேலை கையைவிட்டுப் போகும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவரிடம்தான் பயிற்சிக்கு இருந்தேன்.

ஒரு காலையில் மோட்டார் அறை முழுக்கத் தண்ணீர். முந்தைய நாள் அந்தக் குழாயைக் கடைசியாகத் திறந்து மூடியவர் அவர். ஆனால் எல்லோர் முன்னாலும் வாஷரைத் தூக்கிக் காட்டி, நான் மாட்டியது கிழிந்துவிட்டது என்றார். அதை என் காலடியில் வீசினார்.

அன்று மாலையே பயிற்சிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள். திரும்ப இந்தத் தொழிலுக்குள் வர நான்கு வருடம் ஆனது.

இப்போது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குழாயைத் திறந்தார். தண்ணீர் சீராக விழுந்தது. ஃப்ளஷ் தொட்டி நிறைந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இருபதாவது நிமிடத்தில் பாட்டு நின்றது.

முப்பதாவது நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் காதை வைத்துக் கேட்டார். குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயின் வாஷரைக் கழற்றினார். தோள் ஒருமுறை அசைந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் சின்னப் பிளேடு மின்னியது.

அந்தக் கண்ணாடியைக் காலையில் மூன்று முறை துடைத்துவைத்தது நான்தான்.

வாஷரை உயரத் தூக்கிக் காட்டினார். அதே கை. அதே உயரம்.

“இந்தா, கிழிஞ்சிருக்கு பாரு. எவனோ கத்துக்குட்டி மாட்டினது.”

உறையை நோக்கிக் கை காட்டினேன். வாஷரை வாஷ்பேசினில் போட்டுவிட்டுப் பிரித்தார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: பழுது எதுவும் வைக்கப்படவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் முழு மதிப்பெண்.

இப்படியும் ஒரு தேர்வு எங்களிடம் உண்டு.

உறைக்குள் இன்னும் ஏதோ கனத்தது. கவிழ்த்தார். கறுத்துக் காய்ந்துபோன பழைய வாஷர் ஒன்று வாஷ்பேசினில் உருண்டு, புதியதன் பக்கத்தில் போய் விழுந்தது.

இரண்டிலும் வெட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

ரப்பர் தானாக அப்படிக் கிழியாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.