சனிக்கிழமைப் பல்

குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், அல்லி தன் முதல் பால்பல்லை அப்பாவின் உள்ளங்கையில் துப்பினாள். விவாகரத்துக்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் மட்டும்தான் மகள் தணிகைவேலுக்கு. அவன் பதறிப்போய் வக்கீலுக்கு போன் போட்டான்.

“சார், பல்லை நான் வச்சுக்கலாமா?”

“தீர்ப்புல பல்லைப் பத்தி ஒண்ணுமே இல்லியேப்பா. யார் நேரத்துல விழுதோ அவங்களுக்குத்தான்.”

வைத்துக்கொள்ள அல்லி விடவில்லை. கூரையில் எறிந்தால்தானே புதுப் பல் முளைக்கும்! வாசலுக்கு வந்து எறிந்தான். பல் ஓட்டில் உருண்டு அவன் காலடிக்கே திரும்பியது. மறுபடி எறிந்தான், மறுபடியும் வந்தது. மகளை அழைத்துப்போக வந்த சுகந்தி இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இன்னும் உங்களுக்கு எறியத் தெரியலையா? குடுங்க இங்க.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே வீச்சு. பல் நீதிமன்றக் கூரையின் உச்சியில் போய்த் தங்கிவிட்டது. அல்லி குதித்தாள். தணிகைவேல் தன்னை மறந்து கைதட்டினான்.

“புதன்கிழமையே விழ வேண்டியது” என்றாள் சுகந்தி, கைத்தூசியைத் தட்டிக்கொண்டே. “அப்பாகிட்டதான் விழணும்னு ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டுத் திரிஞ்சா.”

அல்லியின் நாக்கு அதற்குள் பக்கத்துப் பல்லை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.