புதுசு மேல, பழசு கீழ

"நேத்து ராத்திரி அழுதுகிட்டே எழுதினேன் பிரிசில்லா. எங்க சேவ் பண்ணித் தொலைச்சேன்னு தெரியல!"

கிறிஸ்டோபர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தவித்தான். ஹாலில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அவன் அப்பா கோட்டு சூட்டோடு படுத்திருந்தார். பெங்களூர் காக்ஸ் டவுன் சர்ச்சுக்குப் போக வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. அங்கே அவன்தான் அஞ்சலி உரை வாசிக்க வேண்டும்.

"பெத்த அப்பனைப் பத்திப் பேசறதுக்கு எழுதி வேற வெச்சுக்கணுமாடா?" என்றார் தாஸ் சித்தப்பா. அண்ணனோடு கோலார் சுரங்கத்தில் இறங்கியவர். அழுதழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஆபீஸ்ல இருந்து டைரக்டர் வர்றார் சித்தப்பா. உளறிக் கொட்ட முடியாது."

"ஏங்க, அந்தத் தேடுற கட்டத்துல பேரைப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் பிரிசில்லா. மாமனாருக்கு மாலை போடக் கையைத் தூக்கியதில், போன வாரம் மார்பில் பயாப்ஸி எடுத்த இடம் விண்ணென்று வலித்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. 'ஒண்ணும் இருக்காது, சும்மா பயப்படாதே' என்று தினமும் அடித்துச் சொல்வான் கிறிஸ்டோபர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் பாமர ஜனங்களுக்கு. இங்க பாரு."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். துக்க வீடு என்பது மறந்து, அவனுக்குள்ளிருந்த சாஃப்ட்வேர் கம்பெனி பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு நாளைக்குள்ள மாறின ஃபைல் எல்லாத்தையும் காட்டுன்னு ஒரே வரி கமாண்ட். புதுசு மேல, பழசு கீழ. எதுவும் தப்ப முடியாது."

எண்டரைத் தட்டினான். பேனர் படம் வந்தது. சாப்பாட்டு மெனு வந்தது. அஞ்சலி வரவில்லை.

"நேத்து எழுதினேன்னியே, இன்னாடா ஆச்சு?" என்றார் சித்தப்பா.

கிறிஸ்டோபரின் காது சிவந்தது. "அது... டைம் ஸோன் பிரச்சினை" என்று முனகியபடி, நாள் கணக்கை அழித்துவிட்டு 'அஞ்சலி' என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினான். இரண்டு வரிகள் வந்தன.

"சொன்னேன்ல!" கீழ் வரியில் இருந்ததை அவசரமாகத் திறந்து, பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த அறைக்கு ஓடினான்.

பிரிசில்லா திரைப் பக்கம் குனிந்தாள். 'அப்பா அஞ்சலி ஃபைனல்.' பக்கத்திலேயே தேதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மாமனார் முதல் தடவை ஐ.சி.யூ.வில் சேர்ந்த அன்று எழுதியது. அவர் பிழைத்து வந்து, காலையில் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், இது இங்கே தயாராகக் காத்திருந்திருக்கிறது.

'எதையும் முன்கூட்டியே முடிச்சு வைக்கிற மனுஷன்தானே' என்று கசப்போடு நினைத்தபடி திரையை மூடப் போனாள். அப்போதுதான் மேல் வரி கண்ணில் பட்டது. அவளுக்கு பயாப்ஸி எடுத்த நாளின் தேதி.

'பிரிசில்லா அஞ்சலி டிராஃப்ட்.'