மேலே பார்க்காதவர்

"அப்பா, இன்னிக்கு மட்டும் என் மானத்தை வாங்கிடாதீங்க. என் கிளாஸ் மொத்தமும் பின்வரிசையிலதான் உட்கார்ந்திருக்கு."

"வாங்க மாட்டேம்மா."

சொல்லிவிட்டாரே தவிர, டைலருக்கு இப்போதே கால் வெடவெடத்தது. குண்டு விழுந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர். தெருவில் டயர் வெடித்தாலே தையல் மெஷினுக்கு அடியில் போய்விடுவார். அவரைப் போய் ராக்கெட் விடுவதைப் பார்க்க வரச்சொன்னால்?

மகளுக்கோ ஒரு மாதமாகத் தூக்கமில்லை, அவ்வளவு ஆசை. பெரியவர்கள் யாராவது கூட வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வேறு வழியில்லை.

"வெறும் சத்தம்தான்பா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்குதே!"

பக்கத்திலிருந்த பேங்க் மேனேஜர் சிரித்தார். தன் மூன்று வயது மகளை மடியிலிருந்து இறக்கி நிற்கவைத்துவிட்டு, செல்போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பயப்படாதீங்க அண்ணே! அது மேலதான் போகும். நம்ம தலையில விழாது!"

சுற்றிலும் சிரிப்பு. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒலிபெருக்கியில் எண்கள் இறங்க இறங்க, கூட்டமும் கூடவே கத்தியது. டைலர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது.

தூரத்தில் நெருப்பு தெரிந்தது. சத்தம் சற்றுப் பிந்தித்தான் வந்தது. வந்தபோது காலடித் தரையே அதிர்ந்தது.

"படு!"

அலறிக்கொண்டே மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் வெடுக்கென்று உதறினாள். அடுத்த கணம் அவர் பெஞ்சுக்கு அடியில் குப்புறக் கிடந்தார்.

ஊரே மேலே பார்த்துக் கைதட்டியது. பின்வரிசை மட்டும் கீழே பார்த்துச் சிரித்தது. மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆசை ஆசையாக வந்தவள், ராக்கெட்டைப் பார்க்கவே இல்லை.

வானத்தில் புகை மட்டும் மிஞ்சியது. மேனேஜர் போனை இறக்கினார்.

"அட்டகாசம்! முழுசா எடுத்துட்டேன். அண்ணே, எழுந்திருங்க, அது போயே போச்சு! பாப்பா, நீ பாத்தியாடா..."

பாப்பா இல்லை.

"பாப்பா! ஐயோ, இங்கதானே நின்னா!"

கூட்டம் அதற்குள் வாசலை நோக்கி முண்டியடிக்கத் தொடங்கியிருந்தது.  மேனேஜர் இடப்பக்கம் ஓடினார், வலப்பக்கம் ஓடினார். சிரித்தவர்களும் சேர்ந்து தேடினார்கள்.

பெஞ்சுக்கு அடியில் டைலர் மெல்லத் தலையைத் தூக்கினார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவர் நெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அதன் இரண்டு காதுகளையும் அவர் இன்னும் பொத்திக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "இந்தச் சத்தம் கேட்டா, எங்க ஊர்ல யார் பிள்ளைன்னு பார்க்கறதில்ல. கைக்கு எட்டின பிள்ளையை எடுத்துக்குவோம்."