பத்து வருஷத்துப் பூட்டு

"திருடன் எடுத்துட்டுப் போனாத்தான் என்னக்கா, எல்லாத்தையும் பூட்டித்தானே வெச்சிருக்கோம்?" என்று கேட்டாள் மேனேஜர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் மூன்றே பேர். கூடத்தின் முதலாளி, அவரிடம் வேலை பார்க்கும் இந்த மேனேஜர், இருவருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்த முதலாளியின் மனைவி. குவாண்டம் கம்ப்யூட்டர் வருவதற்குள் கம்ப்யூட்டர் தகவல்களுக்கெல்லாம் புதுச் சங்கேதப் பூட்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவதுதான் மனைவியின் உத்தியோகம். சொந்தப் புருஷனின் கடைக்கு இன்றைக்குத்தான் அழைப்பு வந்தது. அழைத்ததுகூட மேனேஜர்தான்.

"எடுத்துட்டுப் போய் அப்படியே வெச்சிருப்பான்மா," என்றாள் மனைவி. "இப்ப இருக்கிற கம்ப்யூட்டரால அதைத் திறக்க முடியாது. குவாண்டம் கம்ப்யூட்டர் முழுசா வந்துட்டா, இன்னைக்கு நாம போடுற பூட்டு பலதும் நிக்காது. அன்னைக்கு உக்காந்து சாவகாசமா படிப்பான்."

"அது எப்ப வரும்?"

"பத்து வருஷம்கிறாங்க. முன்னாடியே வந்தாலும் வரும்."

"அதுவரைக்கும் ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பானாக்கும்," என்று மேனேஜர் சிரித்தாள். முதலாளியும் கூடவே சிரித்தார். அவர் சிரித்தது மனைவிக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்து சிரித்தது அறவே பிடிக்கவில்லை.

மேனேஜர் கெட்டிக்காரி, வேலையில் குறை சொல்ல முடியாது. கூடத்தில் எல்லோரும் முதலாளியை 'சார்' என்பார்கள். இவள் மட்டும் எதுவுமே சொல்லமாட்டாள். 'இங்க பாருங்க', 'சாப்பிட்டீங்களா', 'கொஞ்சம் வாங்க'. மொட்டையாக ஒரு 'வாங்க', கட்டின மனைவி கூப்பிடுகிற மாதிரி. என்னை அக்கா என்கிறாளே, அந்த முறைக்கு அவரை மாமா என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும். தெரியாமல்தான் சோறு இறங்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம்," என்று பாடத்தைத் தொடர்ந்தாள். "எது எது எங்க பூட்டியிருக்குன்னு முதல்ல பாருங்க. ரொம்ப நாளைக்கு ரகசியமா இருக்க வேண்டியதை முன்னாடி மாத்துங்க. இந்த மாச விலைப்பட்டியல் வெளிய போனா போகட்டும். ஒருத்தருக்கு இன்ன வியாதின்னு இன்னைக்கு எழுதினது, பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சாலும் கல்யாணம் நின்னுடும்."

"ஏற்கெனவே எவனாவது எடுத்துட்டுப் போயிருந்தா?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் பண்ண முடியாது. போனது போனதுதான். அதனாலதான் சீக்கிரம் மாத்துங்கன்னு தலைதலையா அடிச்சிக்கிறேன்."

மேனேஜர் எழுந்தாள். "கொஞ்சம் வாங்க, பழைய சர்வர்ல என்ன இருக்குன்னு பார்த்துடலாம்."

முதலாளி சாவி கொடுத்த பொம்மைபோல எழுந்து பின்னாலேயே போனார். மனைவி ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் ஏதோ பேச்சு, மறுபடியும் சிரிப்பு. சர்வரில் சிரிக்க என்ன இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்கச் சொல்லிக் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த மேனேஜர், "அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாம்கா," என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்று மனைவி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

காரில் கணவர் உற்சாகமாக இருந்தார்.

"இன்னைக்கு அவகிட்ட எவ்வளவு நல்லா பேசின தெரியுமா? முன்னெல்லாம் அவ போன் பண்ணினாலே வீடு ரெண்டாயிடும். என் சட்டையை மோந்து பார்ப்ப. பிள்ளை மேல சத்தியம் பண்ணச் சொல்லுவ."

"அப்ப புத்தி இல்லைங்க."

"இந்த வேலைக்குப் போன பிறகு நீ ரொம்ப மாறிட்ட. ரெண்டு வருஷமா ஒரு கேள்வி கிடையாது, ஒரு சண்டை கிடையாது. எனக்கு நிம்மதியா இருக்கு."

"உங்களுக்கு நிம்மதின்னா எனக்கும் நிம்மதிதான்."

கணவரின் போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தவர், அதைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்.

"ஏன்மா, இந்த மெசேஜ், போட்டோ இதுக்கெல்லாம்கூடப் புதுப் பூட்டு இருக்கா? அப்படியே என் போனுக்கும் போட்டுக் கொடுத்துடேன்."

"உங்களுக்கு எதுக்குங்க? பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சாலும் ஆபத்துங்கிற மாதிரி உங்க போன்ல ஏதாவது இருக்கா?"

"சேச்சே," என்றார் கணவர். "சும்மா கேட்டேன்."

"அப்ப பழைய பூட்டே போதும்," என்று சிரித்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் போனோடு மாடிக்குப் போனார். அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கைப்பையை வைத்துவிட்டுக் ஹால் மூலையில் இருந்த வைஃபை பெட்டியின் பின்னால் கையை விட்டாள். அங்கே செருகியிருந்த டிஸ்க் நிரம்பியிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டிலிருந்து அவர் போன் அனுப்பியதையும் வாங்கியதையும் ஒன்று விடாமல் பிடித்து, பூட்டுத் திறக்காமலே சேர்த்து வைத்திருந்த மற்ற டிஸ்குகளோடு இதையும் பீரோவில் அடுக்கிவிட்டு, நிதானமாக அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.